யாரும் பார்க்காத கை

சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் முகத்தை நோக்கிச் சாவிக்கொத்து ஒன்று பறந்து வந்தது. இடது கை படக்கென்று எழுந்து அதைப் பிடித்துவிட்டது. விடுதிச் சாப்பாட்டு அறையில் இருந்த அத்தனை பேரும் நீச்சல்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள். எறிந்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய பயிற்சியாளர்தான். குளிக்கும்போதுகூடக் கழுத்தில் விசிலோடுதான் இருப்பார் என்று பேச்சு. அதனால் அவருக்கு விசில்காரர் என்றே பெயர்.

"போச்சு," என்றார். "அந்த ரூம்ல இப்படிப் பிடிச்சு வெச்சேன்னா, அன்னிக்கே மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

பிறக்கும்போதே நரம்பு இழுபட்டுச் சூம்பிப்போன கை அது. சூம்பியிருந்தாலும் சும்மா இருக்கிற கை அல்ல. டம்ளர் பிடிக்கும், பொத்தான் போடும், குழந்தையைத் தாங்கும். அந்தப் பாதி பலம்தான் அவளுக்கு வினையாகப் போயிற்று. மாற்றுத்திறனாளிகளின் சர்வதேசப் போட்டிகளில், யாருக்கு உடம்பில் எவ்வளவு குறை என்று ஓர் அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்த பிறகுதான் பிரிவு பிரிப்பார்கள். அவளுக்குக் கிடைத்த பிரிவில் அவளைவிட நல்ல கை உள்ளவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவள் உயிரைக் கொடுத்து நீந்தினாலும் ஐந்தாவதுதான். ஐந்தாவதாக வந்தவளைக் கூப்பிட்டு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இருக்காது. ஒரு பிரிவு கீழே போட்டார்கள் என்றால் தங்கம் தானாக வந்து மடியில் விழும்.

"மத்த நாடெல்லாம் எப்படி அள்ளிட்டுப் போறாங்கன்னு நெனக்கிற?" என்று விசில்காரர் அவளை உட்காரவைத்துச் சொன்னார். "பணம் இருக்கு, குளம் இருக்கு, டாக்டர் இருக்கு, இல்லேங்கல. ஆனா அவங்க தண்ணிக்குப் பழகறதுக்கு முன்னாடி அந்த ரூமுக்குப் பழகறாங்க. நாம நேர்மையா போய் உக்காந்துட்டு மெடல் பட்டியல்ல அடியில கிடக்கறோம்."

அவர் எந்த நாட்டுக்கும் போய் இதைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. தோற்றுத் தோற்றுப் புளித்துப்போன மனுஷன், எங்கேயோ கேட்டதை நம்பிவிட்டார். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், இன்னும் குப்புறக்கூட விழத் தெரியாத பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், வெறுங்கையோடு திரும்பவா?

அன்று முதல் இடது கைக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. அந்த அறையில் மட்டும் நடித்தால் போதாது, வாசலில் பார்ப்பார்கள், சாப்பிடும் இடத்தில் பார்ப்பார்கள், ஆகையால் எந்தக் கண் பட்டாலும் கை செத்துத் தொங்க வேண்டும் என்றார் விசில்காரர். துண்டு பறந்து வந்தது, பந்து பறந்து வந்தது, செருப்புகூட வந்தது. முதலில் அவள் பல்லைக் கடித்துக் கையை அடக்கினாள். போகப்போக அடக்க வேண்டியே இருக்கவில்லை. ஒருநாள் கொதிக்கக் கொதிக்க டீ மடியில் கொட்டியது. வலது கை துடித்தது, இடது கை அப்படியே கிடந்தது. விசில்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் மட்டும் அந்தக் கையை வலது கையால் தூக்கி உலுக்கிப் பார்த்தாள்.

பரிசோதனை அறையில் ஒரு வயதான டாக்டர் அம்மா அவள் உள்ளங்கையைத் தன் கையில் ஏந்தி, "தள்ளும்மா, முடிஞ்ச வரைக்கும் தள்ளு," என்றார். அத்தனை கனிவாகக் கேட்டதும் இவளுக்கு மனசு இளகிவிட்டது. ஒரே ஒரு தடவை உண்மையாகவே தள்ளிப் பார்த்தாள். கை அசையவில்லை. டாக்டர் அம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏதோ எழுதினார்.

தங்கம் வந்தது. அவள் நாடு பட்டியலில் நாலு படி ஏறியது. ஒற்றைக் கையாலேயே நீந்திவிட்டாள் என்று தொலைக்காட்சியில் புகழ்ந்தார்கள், அதில் பொய் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தாள். பாப்பா இப்போது உட்காரப் பழகியிருந்தாள். தாயை அடையாளம் தெரியாமல் முதலில் உதட்டைப் பிதுக்கினாள், பிறகு தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டினாள். இவளால் தூக்க முடியவில்லை. இடது கையை உற்றுப் பார்த்துக்கொண்டே, எழுந்திரு எழுந்திரு என்று அதற்குக் கட்டளை போட்டாள். வேறு யாருடைய மடியிலோ கிடப்பது போலக் கிடந்தது அது. டாக்டரிடம் போனால், "நரம்பெல்லாம் பழையபடிதான் இருக்கு, புதுசா ஒண்ணும் இல்லையே," என்று அனுப்பிவிட்டார்.

ஒருநாள் தூங்கிப்போன பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடித்துக் குனிந்தபோது அவிழ்ந்து கிடந்த பாப்பாவின் சட்டைப் பொத்தான்கள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. போன் வலது கையில் இருந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை.

வேன் ஓட்டப் போயிருந்த கணவன் வந்ததும் சொன்னாள். அவன் நம்பவில்லை. மறுநாள் தூங்கும் பாப்பாவோடு அவளை அதே மாதிரி ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, கதவிடுக்கில் ஒளிந்து பார்த்தான். கை மெதுவாக ஊர்ந்து, பாப்பாவின் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது. அவன் மூச்சுக்கூட விடவில்லை. ஆனாலும் கை சட்டென்று நின்றது, பொத்தென்று விழுந்தது. அவள் திரும்பவே இல்லை. அவன் அப்போது பார்த்தது அவளுக்கே தெரியாது. கைக்குத் தெரிந்திருந்தது.

"உன் கண்ணுலேர்ந்தே ஒளியுதும்மா அது," என்றான் அவன்.

விசில்காரர் போனில் கூப்பிட்டார். அடுத்த போட்டிக்கு முன் மறுபடியும் பரிசோதனை உண்டாம். "கை எப்படி இருக்கு?"

"வரவே மாட்டேங்குது சார். பாத்தா செத்துடுது."

"அப்படியே இருக்கட்டும்மா," என்றார். "கலைச்சுடாத."

அவள் போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள். அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. என் கை, என் பிள்ளை, நடுவில் இவன் யார்? இன்றைக்குப் பாப்பாவைத் தானே குளிப்பாட்டுவது என்று முடிவு கட்டி, கணவனைக் குளியலறைக்குக் கூப்பிட்டாள்.

"நீங்க வாசல்ல நில்லுங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நில்லுங்க. என்ன ஆனாலும் பாக்கக் கூடாது."

"விளையாடாத. தண்ணி."

"தண்ணியப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றீங்களா? திரும்புங்க."

அவன் முதுகைக் காட்டி நின்றான். அவள் பாப்பாவின் தலையிலும் முகத்திலும் வலது கையால் சோப்பு போட்டாள். எரிச்சலில் பாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு வீறிட்டாள். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும், எங்கிருந்தோ திரும்பி வந்தது போல, இடது கை எழுந்து பாப்பாவின் கழுத்தடியில் போய்த் தாங்கியது. எவ்வளவு உறுதி! பிடி தளராமல் பிள்ளையைத் தொட்டித் தண்ணீரில் சாய்த்தது. எத்தனை மாதமாயிற்று இந்தச் சூட்டை அந்தக் கையில் உணர்ந்து. என் தங்கமே, என்று முணுமுணுத்தாள். பிள்ளையிடமா கையிடமா என்று அவளுக்கே தெரியவில்லை. வலது கையால் குவளையில் தண்ணீர் மொண்டு, தடவித் தடவி, சோப்பு நுரை போக முகத்தைக் கழுவிவிட்டாள்.

அழுகை நின்றது. ஒரு கேவல், ஒரு விக்கல், பிறகு அதுவும் இல்லை. பாப்பா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது. அம்மாவின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள், பிறகு தன்னைத் தாங்கியிருக்கும் கையை.

இடது கையின் சுண்டுவிரல் மெல்ல விலகியது. அதற்கடுத்த விரலும்.

குவளையைப் போட்டுவிட்டு வலது கையை நீட்டினாள். குவளை தரையில் விழுந்து உருண்ட சத்தத்தில் அவன் திரும்பிப் பார்த்தான்.