மூன்றாவது பிளேட்டு

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. கேள்வி கூட என்னுடையது அல்ல, யாகூப் பாயுடையது. ஒப்பணக்காரத் தெருவில் அவருடைய கிராமபோன் இசைத்தட்டுக் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் டைப்ரைட்டிங் மாலை வகுப்பு. படிக்கட்டு கடைக்குள்ளிருந்தே ஏறுகிறது. ஆகவே ஏறும்போது பாதிப் பாட்டும் இறங்கும்போது பாதிப் பாட்டும் எனக்கு வாய்க்கும். முழுதாக எதையும் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் ஒரு மாலை, வேட்டியில் செம்மண் ஒட்டிய ஓர் இளைஞர் கடையில் நின்றிருந்தார்.

"அந்த நாடக செட்டுல மூணாவது பிளேட்டு மட்டும் வேணுங்க."

"செட்டை உடைக்க மாட்டாங்க தம்பி. அஞ்சும் சேர்த்துத்தான் விக்கறது."

"அஞ்சும் ஊட்டுல இருக்குதுங்க. மூணாவது தேஞ்சுபோச்சு."

"மத்த நாலு?"

"புதுசாட்டமே இருக்குதுங்க."

"அதெப்படிங்க ஒண்ணு மட்டும் தேயும்? பக்கத்துக்கு ஒரு ஊசி மாத்தோணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே குடுத்தேன்? பழைய ஊசி பிளேட்டை உழுதுபோடுமுங்க."

"எங்கம்மா போடறதுங்க. அவங்க அதொண்ணத்தான் கேக்கறாங்க."

"அப்படி என்னங்க இருக்குது அதுல?"

அவர் யாகூப் பாயைப் பார்த்தார். "வாரேனுங்க" என்று சொல்லிக் கடைவாசல் படியிறங்கிவிட்டார்.

(இவ்வளவுதான் நான் கண்ணால் கண்டது. இனி வருவதை நம்புகிறவர் தம் சொந்தப் பொறுப்பில் நம்பவும்.)

2

அன்றே யாகூப் பாயிடம் கேட்டேன், மூன்றாவதில் யார் பாடுவது என்று.

"ஒரு தோழி வருவாங்க தம்பி. ஒரே பாட்டு. பொறகு ஆத்துல உழுந்து செத்துப்போவாங்க. லேபிள்ல பேருகூடக் கெடையாது."

எனக்கு அது போதுமாயிருந்தது. கதைக்குத் தொடக்கங்கள் எழுதினேன்.

*தொண்டாமுத்தூரில் மலையடிவாரத்துத் தோப்பின் மேல் பொழுது விடிந்து* — விட்டுவிட்டேன். நான் தொண்டாமுத்தூர் போனதில்லை. அந்த இளைஞரின் ஊரென்று யாகூப் பாய் சொன்ன பெயர் மட்டும்தான் தெரியும்.

*ராசாத்தாள் ஓடிப்போனவள்* — இது ஊரார் வாய். என் வாக்கியம் அல்ல.

*அம்மாக்களின் துயரம்* — சே.

3

ஈஸ்வரமூர்த்திக்கு (அந்த இளைஞருக்கு நான் வைத்த பெயர்) புது செட்டு என்றால் முதல் தடவை கேட்பதுதான் கேட்பது. கண்ணை மூடிக்கொண்டு, கேட்கக் கேட்கவே அபிப்பிராயம் சொல்லிக்கொண்டு வருவான். அம்மா பழனாத்தாள் நிலக்கடலை உரித்தபடி பதில் சொல்வாள். அப்பா நஞ்சுண்டன் வாசலில் கட்டிலைப் போட்டு, கேட்காதவர்போலப் படுத்திருப்பார்.

முதல் பிளேட்டு ஓடியது.

"ஆர்மோனியக்காரர் ராசாவைப் பாடவே உடமாட்டேங்கறாருங்கம்மா. முந்திக்கிட்டே ஓடறாரு."

"ராசாவுக்கு முந்தி ஊட்டுக்குப் போகோணுமோ என்னமோ."

இரண்டாவது.

"ராணி அழுவறது தும்மறாப்பல இருக்குதுங்க."

"பாவம், அரமனை முச்சூடும் தூசியாட்டிருக்குது."

வாசலில் நஞ்சுண்டன் கூடச் சிரித்தார். இருமலாக மாற்றிக்கொண்டார்.

மூன்றாவதை வைத்தான். ஒரு பெண் குரல் எழுந்தது. மேலே ஏறும் முன் அதில் ஒரு சின்ன நிறுத்தம், கிணற்று மேட்டில் நிறைகுடத்தை இடுப்புக்கு ஏற்றுகிறவள் மூச்சைப் பிடிப்பதுபோல.

"இந்தத் தோழி..." என்று ஆரம்பித்தான் ஈஸ்வரமூர்த்தி. நிறுத்தினான். கடலை உரிபடும் சத்தமும் நின்றிருந்தது.

பாட்டு முடிந்து, பிளேட்டு ஊசிக்கடியில் கரகரத்துச் சுற்றியது.

"சொல்லு கண்ணு. தோழி எப்படி?"

"நல்லாப் பாடறாங்கம்மா."

"பாடறாங்களா," என்றாள் பழனாத்தாள். "செரி."

ராசாத்தாள் அவனுடைய அக்கா. அவள் நாடகக் கம்பெனியோடு போன மறுவாரம் நஞ்சுண்டன் பேரூர் ஆற்றங்கரைக்குப் போனார். உயிரோடு இருக்கிற மகளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார், தலைமுழுகினார், வீட்டுக்கு வந்து சோறு தின்றார். அதற்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் புழங்கவில்லை. இப்போது அவள் குரல் அரக்குப் பிளேட்டில் ஏறிக் கூடத்துக்குள் வந்துவிட்டது, பெயரில்லாமல்.

மறுநாள் பழனாத்தாள் பாட்டுப் பெட்டிக்குச் சாவி கொடுக்கக் கற்றுக்கொண்டாள்.

அதற்கும் மறுநாள் நஞ்சுண்டன் ஊசி டப்பியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். கத்தவில்லை, பிளேட்டை உடைக்கவில்லை, அதைக் கேட்காதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊசியைப் பூட்டினார், அவ்வளவுதான். பெட்டியின் கையில் மாட்டியிருந்த ஒரே ஊசியோடு பழனாத்தாள் தினமும் மகளைக் கேட்டாள். முதலில் குரல் கம்மியது. பிறகு சளி கட்டியது. தீபாவளிக்குள் அந்த நிறுத்தம் போய்விட்டது, குடம் போய்விட்டது. உமியைப் புடைக்கிற சத்தம் மட்டும் மிஞ்சியது.

"அலமாரிச் சாவி குடுங்கப்பா," என்று ஈஸ்வரமூர்த்தி ஒருநாள் கேட்டான்.

"எதுக்கு?"

"ஊசி மாத்தோணுங்க."

"நல்லாத்தானே பாடுது," என்றார் நஞ்சுண்டன்.

4

இந்த இடத்தில் எனக்கே நஞ்சுண்டனைக் கண்டு பயமாயிருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மகளின் குரலைப் பெற்றவள் கையாலேயே தேய்த்து அழிக்க வைக்கிற தகப்பன்! இப்படி ஒருவரைப் படைத்துவிட்டோமே என்று கீழே இறங்கும்போது தோளை நிமிர்த்திக்கொண்டேன். என் அபிப்பிராயத்தில் கதை முடிந்திருந்தது.

5

கதைக்கு உதவாத செய்தி ஒன்று.

"தம்பி, அன்னைக்கு மூணாவது பிளேட்டுக் கேட்டு ஒருத்தர் வந்தாருல்ல?" என்றார் யாகூப் பாய். "அவுங்கப்பா வந்தாருங்க நேத்து."

"அப்பான்னு எப்படித் தெரியும் பாய்?"

"அதே மூக்கு, அதே கேள்வி. மூணாவது மட்டும் குடுன்னாரு. செட்டை உடைக்க மாட்டோமுன்னேன். முழுசா வாங்குனாரு. மூணாவதை உருவித் துண்டுல சுத்திக்கிட்டு, மத்த நாலையும் மேசை மேலயே வெச்சுப்போட்டு நடந்துட்டாரு. பெரியவரே, ஊசியாவது எடுத்துட்டுப் போங்கன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஊட்டுல நெறையா இருக்குதுன்னாருங்க."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அலமாரியை நான் பூட்டியது காகிதத்தில். அந்த மனிதர் அதைத் திறக்கப் போனாரா, இன்னும் பூட்டித்தான் வைத்திருக்கிறாரா?

6

முடிவுகள், எழுதிய வரிசையில்:

அ. வழியில் பேரூர். நஞ்சுண்டன் ஆற்றில் இறங்கித் துண்டைப் பிரித்தார். தோழி நாடகத்தில் விழுந்தது போலவே விழுந்தாள். இரண்டாவது திதி. தேய்ந்தது வீட்டில் இருக்கிறது, நல்லதற்கு மட்டும் அவர் வீட்டில் இடமில்லை.

ஆ. தேய்ந்ததன் காகித உறைக்குள் புதியதை யாருக்கும் தெரியாமல் செருகினார். டப்பியைத் திறக்கவில்லை. பழனாத்தாள் பழைய ஊசியை வைத்தாள். குரல் ஒரு நாள் முழுசாக வந்தது, அதன்பின் மறுபடி தேயத் தொடங்கியது.

இ. அவரே ஊசியை மாற்றி, மனைவியைக் கூப்பிட்டு, "ஏம்புள்ளெ, இதைக் கொஞ்சம்..." — இல்லை. மன்னிப்பை டைப் அடிக்கக் கை தானாக ஓடுகிறது. எள் இறைத்த கையை நான் அவ்வளவு சுலபமாக நம்பமாட்டேன்.

(அந்த வீட்டில் அக்காவே இல்லாமலும் இருக்கலாம். ஓர் அம்மாவுக்கு ஒரு பாட்டுப் பிடித்துப்போவதற்கு மகள் ஓடிப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.)

7

விட்டுப்போன நான்கு பிளேட்டையும் யாகூப் பாய் எனக்காகப் போட்டார், ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசியோடு. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செட்டை உட்கார்ந்து கேட்டேன். அபிப்பிராயம்:

முதலாவது: ஆர்மோனியக்காரர் முந்தவே இல்லை. அடக்கமான மனிதர். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது: ராணி உண்மையாகவே தும்முகிறாள்.

நான்காவது: எல்லோரும் யாருக்காகவோ அழுகிறார்கள். மூன்றாவதில் தோழி எப்படிப் பாடினாள் என்று தெரியாததால் என்னால் சேர்ந்து அழ முடியவில்லை.

ஐந்தாவது: ராஜா திரும்பி வந்து, ராணி சிரித்து, மங்களம். செத்தவளை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

"எப்படிங்க தம்பி செட்டு?" என்றார் யாகூப் பாய்.

"நல்லா இருக்குதுங்க பாய்," என்றேன். ஈஸ்வரமூர்த்தி அம்மாவிடம் சொன்ன அதே மாதிரிப் பொய்.

தொண்டாமுத்தூர்க் கூடத்தில் பெட்டிக்குச் சாவி கொடுத்தாயிற்று. பழனாத்தாள் கடலையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டாள். நஞ்சுண்டன் வாசலில் கண்ணை மூடிக் கிடக்கிறார். அவர் தூங்கவில்லை, அது மட்டும் எனக்கு நிச்சயம். தேய்ந்த பிளேட்டா, புதியதா, ஒன்றுமே இல்லையா என்று வாசிக்கிற நீங்களே பார்த்து எடுத்து வையுங்கள்.

எதை வைத்தாலும் ஊசியை மாற்றிவிட்டு வையுங்கள்.