பெரிய பொட்டு, லைட்டு

வயர் நுனியில் இருந்த சிங்கப்பூர் பிளக்கை வெட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, மேல்தோலைப் பல்லால் கடித்து உரித்தான் தவசிமுத்து. கட்டிங் பிளேயர் பையில்தான் கிடந்தது. ஆனாலும் மெல்லிய வயர் என்றால் அவனுக்குப் பல்தான் வாகு. உள்ளே செம்பு இழைகள் தலைமுடி மாதிரி இருந்தன. அவற்றை முறுக்கி நம்ம ஊர் உருண்டைப் பின் பிளக்கில் செருகித் திருகினான்.

விரித்த பேப்பர் மேல் மூன்று வெள்ளைப் பெட்டிகள் கிடந்தன. ஒவ்வொன்றும் சோப்பு டப்பா பெரிசு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி. சுவரிலிருந்து கரண்டை வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். கைக்குள் அடங்குகிற ரிமோட்டை அந்தக் கண்ணாடிக்கு நேராக நீட்டி அமுக்கினால்தான் லைட்டுக்கோ காத்தாடிக்கோ பாட்டுப் பெட்டிக்கோ விடும். பெட்டியில் இருந்த ஓட்டைகளும் தட்டையாக இருந்தபடியால், வெட்டி எடுத்த சிங்கப்பூர் பிளக்குகளையே காத்தாடி வயரிலும் லைட் வயரிலும் மாட்டிவிடலாம் என்று கணக்குப் பண்ணி வைத்திருந்தான்.

வீடு பேண்டேஜ் துணி ஆலை முதலாளி வைகுண்டராஜுடையது. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டுக்கு மேற்கே, மாடியும் தோட்டமுமாக இருந்தது. பெட்டிகளை அனுப்பியது சிங்கப்பூரில் இருக்கும் மகன். மாட்ட வேண்டியது மாடி அறையில், பக்கவாதத்தில் விழுந்து கிடக்கும் தாத்தாவுக்கு. ஆலையைத் தொடங்கிய பெரியவர் அவர்தான். வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. பார்வையும் புகைமூட்டம்தான். மிச்சமிருந்தது இடது கையும், அதில் கிடந்த கல் மோதிரமும்.

அந்த மோதிரம்தான் அவருடைய வாய். இரும்புக் கட்டிலின் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் காத்தாடி. மூன்று தட்டினால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்து இந்தத் தட்டுகளுக்கெல்லாம் எழுந்து வருகிறவள் செல்லக்கனி.

"கரண்டுக்கார அண்ணாச்சி, செத்த அங்கிட்டு நகருங்க. பெரியவருக்குத் தண்ணி குடுக்கணும்."

தவசிமுத்து நகர்ந்தான். செல்லக்கனி அவனுடைய கூடப்பிறந்த அக்கா. அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது. காலையில் கொல்லைப் பக்கம் கை கழுவப் போனபோதே வந்து காதில் போட்டிருந்தாள். "அக்கா தம்பின்னு காட்டிக்கிடாதலே. நாளைக்கு ஒரு ஸ்பூனு காணாமப் போனாலும் ரெண்டு பேரு தலையிலயும் சேத்து விழும்."

"அதுக்காக அண்ணாச்சியா? ஒன்னவிட ஆறு வயசு சின்னவம்லா நான்."

"மூஞ்சியப் பாத்தா மூத்தவன் மாதிரித்தான இருக்கு. முடிய வெட்டுலே."

மம்சாபுரத்தில் அவள் புருஷன் செத்த பிறகு, மகள் அருள்செல்வியோடு இந்த வீட்டுக் கொல்லையறைக்கு வந்து ஒண்டியவள். சாப்பாடும் அறையும் போக, பள்ளிக்கூடம் பக்கம் என்பதுதான் அவளுக்குப் பெரிது. அருள்செல்வி பத்தாம் வகுப்பு. பங்குனியில் பரீட்சை. "அதுவரைக்கும் இந்த மனுசன் உசிரு கெட்டியா கெடக்கணும்" என்று சொல்லிச் சொல்லித்தான் அவருக்குக் கஞ்சி ஊட்டுவாள்.

பெரியவருக்கு இளநீர் எடுத்துவர அவள் கீழே போயிருந்த நேரத்தில், முதலாளி வீட்டம்மா ஜெயபாய் மாடிக்கு வந்து நின்று பார்த்தாள்.

"இது எம்புட்டு நாளைக்குத் தாங்கும்ப்பா?"

"நல்லா வச்சிக்கிட்டா வருசக்கணக்கா ஓடும்மா."

"அது போதும். லைட்டு, காத்தாடி, பாட்டு, மூணும் அவிய கையாலயே போட்டுக்கிடலாம்லா. பொறவு இதுக்குன்னு ஒரு ஆள வச்சி, அவ மகளையும் வச்சிச் சோறு போட வேண்டாம். காலையில தொடச்சி விட ஆலையில இருந்து ஒருத்தன் வந்துட்டுப் போனாப் போதும். இந்த மாசத்தோட அனுப்பிறலாம்னு சொல்லிட்டாக. அவகிட்ட இப்பவே சொல்லிறாத. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவா."

தவசிமுத்து திருப்புளியைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்தான்.

"சரிம்மா" என்றான்.

படியில் செல்லக்கனியின் காலடி கேட்டது. ஜெயபாய் இறங்கிப் போனாள்.

சிவப்புக் கண்ணாடிக்கு நேர் எதிரே கை இருந்தால்தான் பெட்டி வேலை செய்யும். கட்டில் அதுவரை ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. ஜன்னல் வழியே மலை தெரியும். பிளக் மாட்டுகிற பாயிண்ட் போர்டு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில். சுவரைக் குடைந்து போர்டை மாற்ற முதலாளி சம்மதிக்கவில்லை. போன வருஷம்தான் பெயிண்ட் அடித்ததாம். ஆகவே தவசிமுத்துவும் செல்லக்கனியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலைத் திருப்பினார்கள். பெரியவர் கண்ணுக்கு எதிரே இப்போது சுவர். சுவரில் மூன்று வெள்ளைப் பெட்டிகள்.

சாயங்காலம் வைகுண்டராஜ் ஆலையிலிருந்து வந்து சோதித்துப் பார்த்தார். அந்த நேரத்துக்கு ஊரில் மில்லுகளும் பம்ப்செட்டுகளும் சேர்ந்து கரண்டை இழுக்கும். பல்பு பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு இறங்கும். ரிமோட்டை அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். பெட்டி 'டிக்' என்றது, பல்பு வந்தது, உடனே போனது.

"என்னப்பா இது? மத்தியானம் எரிஞ்சிச்சுன்னு சொன்னா. இந்த ஊருக் கரண்டுக்கு இது ஒத்து வராதோ?"

வார்த்தையை அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். ஆமா முதலாளி, இது சிங்கப்பூர்க் கரண்டுக்குச் செஞ்சது, இங்க நிக்காது என்று சொன்னால் போதும். பாதிக்கு மேல் உண்மையும்கூட. பெட்டிகளைத் திரும்ப அட்டையில் வைத்துக் கட்டிவிட்டு இறங்கிப் போய்விடலாம். தவசிமுத்து "அது வந்து முதலாளி..." என்று தொடங்கினான்.

முதலாளி முன்னால் தம்பி கை பிசைந்துகொண்டு நிற்பதைச் செல்லக்கனியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. புதிதாகக் கட்டுகிற தறிக்கூடத்தின் வயரிங் வேலையை இந்த முதலாளிதான் அவன் வேலை பார்க்கும் எலெக்ட்ரிக் கடைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். கடைக்காரர் பால்பாண்டி அந்த வேலையை நம்பித்தான் தவசிமுத்துவை இன்னும் வைத்திருந்தார். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"கீழ டி.வி.க்கு அடியில ஒரு பெட்டி உறுமிக்கிட்டே கெடக்கே" என்றாள், கதவோரத்திலிருந்து. "தெனம் நான்தான் தொடைக்கேன். லைட்டு மங்குனாலும் அதுல டி.வி. மட்டும் மங்க மாட்டேங்குது. அத மாதிரி ஒண்ணு வச்சா நிக்குமா அண்ணாச்சி?"

வைகுண்டராஜ் தவசிமுத்துவைப் பார்த்தார்.

"நிக்கும் முதலாளி" என்றான் அவன். "ஸ்டெபிலைசர்."

"இத நீயில்ல சொல்லியிருக்கணும். வேலைக்காரம்மா சொல்லுதா."

மறுநாள் ஸ்டெபிலைசர் வந்தது. பெட்டிகள் ஒழுங்காக வேலை செய்தன. ஆனால் ரிமோட்டில் இருந்த பொத்தான்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் பெரியவருக்கு எது எதுவென்று பிடிபடவில்லை. காத்தாடி கேட்டால் பாட்டு அலறியது. அவர் மோதிரத்தைக் கட்டிலில் தட்டத் தொடங்கினார். ஜெயபாய் முகம் சுருங்கியது.

செல்லக்கனி கொல்லையறைக்குப் போய் மகளின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். தடவினால் தெரிகிற வெல்வெட் பொட்டு. முதல் பொத்தானில் பெரிய பொட்டு ஒன்று, அடுத்ததில் சின்னப் பொட்டு ஒன்று ஒட்டினாள். மூன்றாவதைச் சும்மா விட்டாள். பெரியவரின் இடது கட்டைவிரலைப் பிடித்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துக் காட்டினாள்.

"பெரிய பொட்டு, லைட்டு. சின்னப் பொட்டு, காத்தாடி. பொட்டில்லாம என்னைய மாதிரி இருக்கது பாட்டு. எங்க, லைட்டப் போடுங்க பாப்போம்."

கட்டைவிரல் தடவித் தடவிப் பெரிய பொட்டைக் கண்டுபிடித்தது. லைட் எரிந்தது. பெரியவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. ரிமோட் கையை விட்டு நழுவாமல் இருக்க, ஆலையிலிருந்து வந்த பேண்டேஜ் துணியைக் கிழித்து உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். இறுக்கவும் இல்லை, தொளதொளவென்றும் இல்லை. மோதிரம் துணிக்கு உள்ளே போய்விட்டது.

"கெட்டிக்காரிதான்" என்றாள் ஜெயபாய்.

பையைத் தூக்கிக்கொண்டு தவசிமுத்து படியிறங்கும்போது செல்லக்கனி பின்னாலேயே வந்தாள். திருப்பத்தில் யாருமில்லை. சொல்லிவிடலாம் என்று நின்றான்.

"யக்கா."

"என்னலே, மூஞ்சி செத்துக் கெடக்கு? அதான் நல்லபடியா முடிஞ்சிட்டுல்லா. தறிக்கூடத்து வேல ஒனக்குத்தான். முடியமட்டும் வெட்டிக்கிட்டு வா."

அவன் தலையாட்டிவிட்டு இறங்கினான்.

மாசக் கடைசியில் கடை வாசலுக்கு அவள் வந்தாள். தகரப் பெட்டி ஒரு கையில். பக்கத்தில் அருள்செல்வி, புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. மம்சாபுரம் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பால்பாண்டி ஸ்டூலை நகர்த்திப் போட்டார், அவள் உட்காரவில்லை.

"மிசின் நல்லா ஓடுது, இனி நீ வேண்டாம்னுட்டாக. பரீட்சை முடியட்டும்மா, கொல்லையறையில மட்டும் படுத்துக்கிடுதோம்னு கேட்டேன். மோட்டார் சாமான் போடணுமாம் அங்க." தகரப் பெட்டியைக் கீழே வைத்தாள். "இதுக்குத்தான் மாட்டுதாகன்னு ஒனக்கு முன்னயே தெரியுமால?"

கையில் இருந்த பல்பு ஹோல்டரை மூடித் திருகினான் தவசிமுத்து.

"தெரியாதுக்கா."

"நானும் அதான் இவகிட்டச் சொன்னேன். மாமாவுக்குத் தெரிஞ்சா சொல்லாமலா இருப்பான்னு."

அருள்செல்வி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது.

தறிக்கூடத்தின் வயரிங் வேலை தொடங்கியிருந்தது. பங்குனி பிறந்து ஒரு நாள் சாயங்காலம் அங்கே ஆள் அனுப்பி, தவசிமுத்துவை வீட்டுக்கு வரச்சொன்னார் வைகுண்டராஜ். அருள்செல்வி அதற்குள் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறத் தொடங்கியிருந்தாள். தீக்குச்சி அடுக்குகிற வேலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போக, விடியுமுன்னே ஊர்முனையில் வந்து நிற்கும் பஸ். செல்லக்கனி வத்திராயிருப்புப் பக்கம் நாற்று நடப் போய்வந்துகொண்டிருந்தாள்.

"நீ மாட்டுன மிசின் கெட்டுப் போச்சு" என்றார் வைகுண்டராஜ் வாசலிலேயே. "லைட்டு தன்னால அணைஞ்சி அணைஞ்சி எரியுது. ரோட்டுல போறவன் எல்லாம் மாடியில என்ன சினிமாக் கொட்டகையான்னு கேக்கான்."

மாடி அறை வாசலை எட்டும்போதே வாடை அடித்தது. உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் சுவரைப் பார்த்து மல்லாந்து கிடந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. கையில் கட்டிய துணி அழுக்கேறிக் கறுத்திருந்தது. தண்ணீர்ச் செம்பு எட்டாத தூரத்தில், ஜன்னல் திட்டில் இருந்தது.

தவசிமுத்து பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தான். வயர்கள் இறுக்கமாக இருந்தன. ஸ்டெபிலைசர் முள் சரியான இடத்தில் நின்றது. மாட்டிவிட்டு எழுந்தபோது பல்பு அணைந்தது, எரிந்தது. அணைந்தது, எரிந்தது. அணைந்தது, எரிந்தது. நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே மூன்று.

திரும்பிப் பார்த்தான். பெரியவரின் கட்டைவிரல் பெரிய பொட்டின் மேல் இருந்தது.

"பாத்தியா, பாத்தியா" என்றாள் கதவருகே முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நின்ற ஜெயபாய்.

"மிசின் கெடலம்மா. அவிய கூப்பிடுதாக. மூணு தட்டுனா ஒருக்களிச்சிப் படுக்க வைக்கணும். கட்டில்ல தட்ட முடியலைல்லா, அதான் லைட்டுல..."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அன்னைக்கி வேலை பாக்கும்போது பாத்தேம்மா."

பதிலுக்குக் காத்திராமல் குனிந்து பெரியவரின் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே கை கொடுத்து ஒருக்களிக்க வைத்தான். முதுகுப் பக்கம் சட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண், ஈரமாகப் பளபளத்தது. செம்பை எடுத்து வாயில் வைத்தான். மடக் மடக்கென்று குடித்த பெரியவர், அவன் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"முன்ன இருந்த அந்த அம்மாவ வரச்சொன்னா..." என்றான் தவசிமுத்து.

"அவளையா? அவ போனதுக்குப் பொறவுதான் இந்த வெளையாட்டே. சின்னப்புத்திக்காரி, போகையில எதையாவது நோண்டி விட்டுட்டுப் போயிருப்பா. அவ சொந்தபந்தம் யாருன்னு தெரிஞ்சா அங்க போயே கேட்டிருப்பேன்."

தவசிமுத்து செம்பை ஜன்னலில் வைத்தான். கை துடைத்துக்கொண்டான்.

வைகுண்டராஜ் படியேறி வந்தார். மனைவி சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பெரியவரைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்த்தார்.

"புண்ணுக்கு டாக்டரு சொல்லுதபடி ஆலைத் துணி வச்சிக் கட்டிக்கிட்டுத்தான இருக்கு. ரோட்டுல நாலு பேரு கேக்கதுதான் அசிங்கம். நீ ஒண்ணு செய். லைட்ட மட்டும் அந்தப் பெட்டியில இருந்து எடுத்து, வெளிய இருக்க சுவிட்சுல குடுத்துரு. வேணும்போது நாங்க போட்டுக்கிடுதோம்."

"முதலாளி..."

"தறிக்கூடத்துல இன்னும் எம்புட்டு வேல கெடக்கு?"

"பாதி கெடக்கு முதலாளி."

"செய்யி."

பிளக்கைப் பிடுங்கினான். தட்டைப் பின்னை வெட்டி எடுத்தான். வயரின் தோலைப் பல்லால் உரித்து, கதவு நிலைக்கு வெளியே இருந்த சுவிட்சில் கொடுத்து மூடினான். ஜெயபாய் போட்டுப் பார்த்தாள். சரியாக எரிந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவன் பையைக் கட்டிக்கொண்டு கடைசியாக நிலையில் நின்று உள்ளே பார்த்தான்.

பல்பு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே, கறுத்த துணிக்குள்ளிருந்து வந்த கட்டைவிரல் பெரிய பொட்டைத் தடவிக் கண்டுபிடித்து, இரண்டிரண்டாக மூன்று தடவை அமுக்கியது. நிறுத்தியது. மறுபடி மூன்று தடவை அமுக்கியது. சுவரில் பெட்டி மட்டும் ஒவ்வொரு தடவையும் 'டிக்', 'டிக்' என்றது.