ஆறு வாரக் கதையின் எட்டாவது வாரம்

1

இந்தக் கதை ஒரு மருத்துவர் சொன்ன வாக்கியத்தில் பிறந்தது. "ஊசி போட்டாச்சு. பயிற்சியை விடாம பண்ணுங்க. ஆறு வாரத்துல பலன் தெரியும்."

என் மனைவி ஒருக்களித்துப் படுத்தபடி தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற நான், சொல்லவே கூசுகிறது, மனதுக்குள் கதையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம், ஆறு பகுதி. கடைசிப் பகுதியில் அவள் எழுந்து நடப்பாள். கதை எழுதுகிறவனுக்கு முடிவு இப்படித் தானாக வந்து மடியில் விழுவது அபூர்வம்.

இப்போது எட்டாவது வாரம் நடக்கிறது.

2

முதல் தொடக்கம்: "அவள் குனிந்தாள். உலகம் அங்கேயே நின்றுவிட்டது." (அடித்துவிட்டேன். உலகம் எங்கே நின்றது? அன்று மாலையே தொழிற்சாலையிலிருந்து சரக்கு வண்டி கிளம்பிப் போனது.)

இரண்டாவது தொடக்கம்: "முதுகு என்பது நாம் ஒருபோதும் நேரில் பார்க்காமல் சுமந்து திரிகிற" (இதை முடிக்கவில்லை. முதுகு நன்றாக இருப்பவன் எழுதும் வாக்கியம் இது.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் துணியை ஐம்பது அடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்து, மின்கத்தியால் வெட்ட வேண்டும். அரை அங்குலம் பிசகினால் ஐம்பது சட்டைக்கும் கை குட்டையாகிவிடும். பதினொரு வருடத்தில் அவளுக்குப் பிசகியதில்லை. அங்கே எல்லோரும் அவளை 'மாஸ்டர்' என்பார்கள். வீட்டில் நானும் கேலியாக அப்படித்தான் கூப்பிடுவேன். ஒரு திங்கட்கிழமை, துணி உருளையைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். இடுப்பில் கிளம்பும் வலி இடது காலின் சுண்டுவிரல் வரை போகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடிவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்வந்தால் அன்றைய நடை முடிந்தது.

3

மூன்றாவது வாரத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தேன்: "வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, அவள் மகளைப் பார்த்துப் புன்னகைத்தாள்."

நோட்டைக் கட்டிலோரம் மறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அது அவள் கையில் இருந்தது.

"நான் எப்பங்க சிரிச்சேன்?"

"இல்ல, கதைக்காக..."

"குட்டியைத் தள்ளிவிட்டது எங்க?"

"அதெல்லாம் எதுக்கு மாஸ்டர்?"

"எழுதுங்க. என்னை நல்லவளாக் காட்டினா வலி சின்னதாத் தெரியும்."

ஆகவே எழுதுகிறேன். எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. குப்புறப் படுத்திருந்த அம்மாவின் முதுகில், வழக்கம்போல யானை ஏறுகிறேன் என்று ஏறினாள். என் மனைவி கத்தினாள். அந்தக் கத்தல் முடிவதற்குள் முழங்கையால் ஓங்கித் தள்ளினாள். குழந்தையின் நெற்றி கட்டில் காலில் மோதிப் புடைத்தது. "போ! கிட்ட வராதே!" என்று மறுபடியும் கத்தினாள். நான் ஓடிவந்து குழந்தையைத்தான் தூக்கினேன். (இதையும் அவள் எழுதச் சொன்னாள்: "நீங்க என்னை ஒரு பார்வை பார்த்தீங்களே, அதையும் போடுங்க.")

வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது. குட்டி இப்போது அந்த அறைக்குள் வருவதில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு வா என்றால், வாசற்படியில் குடுவையை வைத்துக் காலால் உள்ளே தள்ளிவிட்டு ஓடிவிடுகிறாள்.

4

பிசியோதெரபி பெண் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறாள். இருபத்து மூன்று வயது இருக்கும். வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"பத்துக்கு எத்தனை வலி ஆன்ட்டி இன்னைக்கு?"

"ஆறு இருக்கும்மா."

"பாருங்க, குறைஞ்சிருக்கு!"

அவள் போனதும் கேட்டேன்: "நிஜமாவே ஆறா?"

"ஒம்போது. அந்தப் பொண்ணு முகம் வாடிப்போகுதுங்க. எனக்கு மனசு வரல."

(இந்த இடத்தில் வாசகர் நெகிழ வேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். எனக்குப் பயம்தான் வந்தது. என்னிடம் இதுவரை எத்தனை முறை ஆறு என்று சொல்லியிருப்பாள்?)

5

ஆறாவது வாரம் மறுபடி மருத்துவரிடம் போனோம். அறிக்கையைப் புரட்டினார். "சில பேருக்குக் கூடுதலா ஆகும். இன்னும் நாலு வாரம் பார்ப்போம். அப்புறம் ஆபரேஷன் பத்தி யோசிக்கலாம்."

திரும்பும்போது வாடகைக் காரின் பின்சீட்டில் அவள் படுத்துக்கொண்டாள். கால் வைக்கும் இடத்தில் நான் குந்தி உட்கார்ந்தேன். தொழிற்சாலை மேற்பார்வையாளர் காலையில் போனில் பேசினாராம். மேசை சும்மா கிடக்கக்கூடாது என்று வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம்.

"சரியாகாதுன்னு சொல்லிட்டாக்கூடத் தேவலங்க. ஒரேயடியா அழுது தீர்த்துடுவேன். இதோ அதோன்னு இழுக்கறாங்களே, அதுதான் தாங்கல."

அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். "அந்தக் கால் வேண்டாம்," என்றாள். விட்டுவிட்டேன்.

6

(ஆறாம் பகுதி: அவள் எழுந்து நடக்கிறாள். முதல் வாரமே எழுதி முடித்திருந்தேன். ஒன்றரைப் பக்கம். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப் போட்டாயிற்று.)

7

இன்று நாலு மணி வாக்கில் இரண்டு முடிவுகளை அவளிடம் படித்துக் காட்டினேன். ஒன்றில், பத்தாவது வாரம் வலி இறங்கிவிடுகிறது, குட்டி தயங்கித் தயங்கி உள்ளே வருகிறாள். மற்றதில் ஆபரேஷன் அறையின் கதவு மூடுகிறது, அதோடு சரி.

கண்ணை மூடியபடி கேட்டாள். பிறகு சொன்னாள்:

"போயிடுச்சுன்னு எழுதினா, அப்பாடான்னு மூடி வெச்சிட்டுப் போயிடுவாங்க. போகலன்னு எழுதினா, ஐயோ பாவம்னுட்டு மூடி வெச்சிடுவாங்க. ரெண்டும் வேண்டாம்."

"பின்ன எப்படித்தான் முடிக்கிறது?"

"இப்ப மணி என்ன?"

"நாலே கால்."

"அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு?"

"ஆறுக்கு."

"அதை எழுதுங்க."

எழுதிவிட்டேன். மணி நாலே கால், மாத்திரை ஆறுக்கு. நடுவில் இருக்கும் ஒன்றே முக்கால் மணி நேரத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்று, பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்குகிறாள். அடுத்த வரி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இல்லை. உங்களுக்கு அவசர வேலை எதுவும் இல்லையென்றால், ஆறு மணி வரைக்கும் இங்கே எங்களோடு கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.