பச்சைச் சட்டையில் வந்தவள்

இந்தச் சிறை வாசலில் எந்தச் சட்டம் எப்போது மாறும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். கைதிகளுக்கு வெள்ளை உடுப்பு, அதனால் பார்க்க வருகிறவர்கள் வெள்ளை போடக்கூடாது. அது தெரிந்துதான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிற அந்த அம்மா, மகளுக்குப் பார்த்துப் பார்த்து நீலச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தாள். போன வாரம் கைதிகளுக்கு நீலமாக மாற்றிவிட்டார்களாம். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

"நீலத்தோட உள்ளே விட முடியாதும்மா," என்றார் காவலர். "மேலிடத்து உத்தரவு."

பதினெட்டு ஆகாத பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். போட்டோ கொண்டுபோய்க் காட்டவும் கூடாது. கடைசியாகப் பதிமூன்று வயதில் பார்த்த அப்பாவை, பதினெட்டு முடிந்த மகள் இன்றைக்குத்தான் பார்க்க வந்திருக்கிறாள். நாளைக்கு வேலைக்காகக் கடல் தாண்டிப் போகிறாள், திரும்ப வருஷக்கணக்காகும். அதை அவருக்கு அவள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

எதிரே டீக்கடைக்காரி, இப்படி மாட்டிக்கொள்கிறவர்களுக்கென்றே ஒரு சட்டையை வாடகைக்கு வைத்திருந்தாள். கெட்டிக்காரி. ஆனால் அது ஏற்கெனவே யார் உடம்பிலோ ஏறி உள்ளே போயிருந்தது.

"விடும்மா, நீ போயிட்டு வா," என்றாள் மகள்.

அம்மாவுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. மாதத்துக்கு ஒரே சந்திப்பு. அவர் முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு அடுத்த மாதம் ஓடும். இருந்தும் மகளைக் கழிப்பறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். வெளியே வந்தபோது மகள் மேல், அம்மா மாதாமாதம் போட்டுவரும் பழைய பச்சைச் சட்டை. நீலம் அம்மாவின் தோளை இறுக்கியது.

"சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிடுடி. அழுதுக்கிட்டு நிக்காதே."

மகள் உள்ளே போனதும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். மகள் வந்து தொட்டபோதுதான் விழித்தாள்.

"என்னடி சொன்னார்?"

"தூரத்துலயே பச்சையைப் பார்த்துட்டு, நீதான்னு சிரிச்சுக்கிட்டே வந்தாரு." மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கிட்ட வந்ததும் முகத்துல ஈயாடல. 'யாரும்மா நீ? அவ சட்டை உனக்கு எப்படி வந்துச்சு? அவளுக்கு என்ன ஆச்சு?'ன்னு நடுவுல இருக்கிற தடுப்புக் கண்ணாடியைப் போட்டுத் தட்டுறாரு. நான்தான்ப்பான்னு புரியவைக்கிறதுக்குள்ள பாதி நேரம் போயிடுச்சு."

அம்மா தோளை இறுக்கிய நீலத்தை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்: "வெளிநாடு போறதைச் சொன்னியா?"

"இல்லம்மா. 'அடுத்த மாசம் அம்மாவையும் கூட்டிட்டு வா, ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்க்கணும்'னாரு. சரிப்பான்னுட்டு வந்துட்டேன்."