சகலையின் குரலுக்கு ஒரு சாவி

என் சகலை என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான், ஒரு வாக்கியத்தின் நடுவில், அவர் குரல் காணாமல் போனது.

சீட்டாட்டம். நான் ஒரு ராணியை முழங்காலுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதாக அவருக்குச் சந்தேகம். அபாண்டம். அது ராஜா. மடியிலிருந்த டேப்லெட்டில் மடமடவென்று தட்டினார். "இந்த வயசுலயும் உங்களை மாதிரி ஒரு..." என்று அறை அதிரக் கணீரென்று வந்த குரல், அந்த 'ஒரு'வோடு நின்றுவிட்டது. என்னை மாதிரி ஒரு என்ன என்று தெரிந்துகொள்ள நானும் மரியாதையாகக் காத்திருந்தேன். அவர் திரும்பத் திரும்பத் தட்டினார். எழுத்து வந்தது, சத்தம் வரவில்லை.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். அதே நிலையத்தில் நான் டிக்கெட் பரிசோதகன். அவர் குரலைப் பற்றிச் சொன்னால் நான் அளக்கிறேன் என்பார்கள், அதனால் குறைத்தே சொல்கிறேன். "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று அவர் சொன்னால், தாமதமாக வந்த ரயில் வெட்கப்பட்டு நிலையத்துக்கு வெளியிலேயே நின்றுவிடும். யாராவது போய்ச் சமாதானம் சொல்லி அழைத்து வர வேண்டும். பயணி ஒருவர் அவர் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டே வண்டி வண்டியாகத் தவறவிட்டு, வேறு வழியில்லாமல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். அந்த வழியனுப்பு விழாவுக்கு நான் போயிருந்தேன்.

அப்படிப்பட்ட தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார் மருத்துவர். அறுவைக்கு முன்னால் என் மருமகள் அவரை ஒரு அறையில் உட்காரவைத்து, செய்தித்தாள், மின்விசிறி வாங்கியபோது வந்த விளக்கத்தாள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தாள். அந்தப் பதிவிலிருந்து ஒரு குரலைச் செய்தாள். அவர் தட்டுவதை அது பேசும். அவளுடைய நிறுவனம் பிறந்ததே அப்படித்தான். குரலை இழக்கப்போகிறவர்கள் இன்று எங்கிருந்தெல்லாமோ அவளிடம் பேசி வைத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டு மாடிதான் அலுவலகம்.

மாடிக்குப் போனேன்.

"உன் சின்ன மாமா திடீர்னு நல்லவராயிட்டாரும்மா. திட்டவே மாட்டேங்கறார்."

"நெட் போயிருக்கும் மாமா. ரௌட்டரை அணைச்சுப் போடுங்க" என்றாள் திரும்பாமல். சொல்லி வாய் மூடவில்லை, மேசையில் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். அதை வைப்பதற்குள் கைபேசி அடித்தது. பிறகு இரண்டும் சேர்ந்து அடித்தன. அவள் எதையும் எடுக்காமல் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையில் குளித்துப் பொட்டு வைத்து வந்த முகம், பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததுபோல ஆகிவிட்டது.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குரல்கள் எங்கள் மாடியில் இல்லை. எங்கோ ஒரு பெரிய நிறுவனத்தின் வாடகைக் கணினிகளில், கிளவுட் என்கிறார்களே, அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு குரலும் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. சாவி என்றால் இடுப்பில் செருகுவது இல்லை. ஒரு ராட்சச எண். அதுவும் அங்கேயேதான், யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. சாவி வேலை செய்தால் உள்ளே இருப்பது குரல். வேலை செய்யாவிட்டால் வெறும் இரைச்சல்.

இந்தச் சாவிகளை அவள் ஒவ்வொன்றாகப் போய் உண்டாக்குவதில்லை. இன்ன பெயரில் இன்ன சாவி வேண்டும், இன்னார் தொடலாம், இன்னார் தொடக்கூடாது என்று கணினிக்குப் புரியும் கட்டளைப் பட்டியலாக எழுதி வைத்துவிடுவாள். ஒரு நிரல் அதைப் படித்து அப்படியே செய்யும். எழுதியிருப்பது அங்கே இல்லையென்றால் உண்டாக்கும். அங்கே இருப்பது எழுத்தில் இல்லையென்றால் ஒழித்துக்கட்டும். ஏன், எதற்கு என்று கேட்காது. என் சர்வீஸில் இப்படி ஒரு ஊழியரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இடமாற்றம் கேட்டிருப்பேன்.

என் மருமகள் ஒழுங்குக்காரி. டப்பாவில் ஸ்பூன்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் அவளுக்கு. அன்று காலை அந்த நீளமான கட்டளைப் பட்டியலைப் பிரித்து, அழகாக அடுக்கி, சாவிகளுக்கு நல்ல பெயர்களாக வைத்தாள். நிரல் படித்தது. பழைய பெயர்களைக் காணோம். ஆகவே அந்தச் சாவிகள் வேண்டாம். புதுப் பெயர்கள் இருக்கின்றன. ஆகவே புதுச் சாவிகள். செய்யப்போவதை எல்லாம் நீளமாகத் திரையில் காட்டி, செய்யட்டுமா என்று கேட்கவும் செய்தது. அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, செய் என்று சொல்லிவிட்டாள்.

"அழிக்காதேன்னு ஒரு வரி எழுதித்தான் வச்சிருந்தேன் மாமா."

"அப்புறம் எப்படி அழிச்சது?"

"அந்த வரி ஒவ்வொரு சாவியோட பத்திக்குள்ளயும் இருந்துச்சு. பழைய பேர்ல பத்தியே இல்லன்னா அந்த வரியும் இல்லதானே."

"மரத்தை வெட்டாதேன்னு போர்டு எழுதி அந்த மரத்துலயே ஆணி அடிச்ச மாதிரி."

"மாமா, ப்ளீஸ்."

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எளிதல்ல.

சாவி உடனே அழிந்துவிடாதாம். முடக்கி ஒரு வாரம் வைத்திருக்கும். அதற்குள் மனசு மாறினால் ரத்து செய்யலாம். ரத்து செய்யேன் என்றேன். அங்கேதான் இன்னொரு கூத்து. நிறுவனத்தில் யாராவது கெட்டுப்போய்ச் சாவிகளோடு விளையாடிவிடக் கூடாதென்று, தொடக்கத்திலேயே அவள் ஒரு விதி எழுதியிருந்தாள். ரத்து செய்யும் உரிமை காவலர் என்ற ஒரே ஒரு கணக்குக்குத்தான், அவளுக்கே கிடையாது. இத்தனை காலத்தில் அந்தக் காவலருக்கு ஒரு வேலையும் வரவில்லை. காலையில் ஒழுங்குபடுத்தியபோது, சும்மா கிடக்கிற கணக்கு எதற்கு என்று அதையும் நீக்கிவிட்டாள்.

"அதே பேர்ல இன்னொரு காவலரை உண்டாக்கேன்."

"உண்டாக்கிப் பாத்துட்டேன். பேர் அதேதான், ஆனா ஆள் வேறன்னு அதுக்குத் தெரியுது. உள்ள விட மாட்டேங்குது."

எங்கள் நிலைய அதிகாரியின் நாய் இவ்வளவு கறார் இல்லை. அதிகாரியின் தொப்பியை யார் போட்டுக்கொண்டாலும் வாலாட்டும். ஒருமுறை தொப்பி மாட்டிய ஆணியைப் பார்த்தே ஆட்டியது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

"சின்ன மாமா மட்டும் இல்ல மாமா" என்றாள். "பேசி வச்சவங்கள்ல நிறைய பேர் இப்ப உயிரோடயே இல்ல. ஒரு அம்மா இருக்காங்க, வருஷத்துக்கு ஒரு தடவை, பிறந்த நாளன்னிக்கு மட்டும் வீட்டுக்காரர் குரலைப் போட்டுக் கேப்பாங்க. அவரைக் கூட்டிட்டு வந்து மறுபடி பேசச் சொல்ல முடியுமா?"

நான் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். குரல்கள் அழிந்துவிடவில்லை. ஒரு துளியும் குறையாமல் அங்கேயே இருக்கும், ஆனால் அவை குரல்கள் என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. செத்துப்போவதைவிட இது விசித்திரமான நிலை என்று தோன்றியது. செத்தவரையாவது, இனி அவர் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிளவுட் நிறுவனத்தை அழைத்தாள். அங்கிருந்த அதிகாரி மிகவும் பணிவானவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் காரியம் நடக்காது. ஒரே வழி, கணக்கின் உரிமையாளர் நேரில் கேட்டால் அவர்களே ரத்து செய்வார்கள். வீடியோவில் வந்து, அடையாள அட்டையைக் காட்டி, அவர்கள் அனுப்புகிற வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நிறுவனம் தொடங்கியபோது இவள் வேறொரு இடத்தில் வேலையில் இருந்ததால், கணக்கைத் தன் பெயரில் திறக்க முடியவில்லை. குடும்பத்தில் சும்மா இருந்த பெயர் எதுவோ அதில் திறந்தாள்.

"உரிமையாளரைப் பேசச் சொல்லுங்க மேடம்" என்றார் அதிகாரி.

"அவரால பேச முடியாது சார்."

"ஏன் மேடம்?"

"அவர் குரல் அந்தச் சாவிக்குப் பின்னாலதான் பூட்டிக் கிடக்கு."

அதிகாரி அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, எந்திரக் குரலை ஏற்பதற்கில்லை, மோசடிகள் பெருத்துவிட்டன என்றார். மருத்துவச் சான்றிதழ் அனுப்பலாமாம். சட்டப் பிரிவு பார்த்துப் பதில் சொல்ல ஒரு மாதம் ஆகுமாம்.

கீழே வந்து விஷயத்தைச் சொன்னேன். சகலை, டேப்லெட்டை வாங்கும்போதே அதில் இருந்த குரலைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓர் இளம்பெண்ணின் குரல். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று கொஞ்சலாகச் சொன்னது.

"குரல் நல்லாத்தான் இருக்கு. வரன் பாக்கலாமா?" என்றேன். தலையணை பறந்து வந்தது.

மச்சினி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "ஆஸ்பத்திரியில சொல்லிக்குடுத்தாங்களே அத்தான், காத்தை முழுங்கி, ஏப்பம் மாதிரி வெளிய விட்டுப் பேசறது. நல்லா வருதுன்னு அந்தப் பயிற்சியாளரே சொன்னார். குளியலறைக் கதவைச் சாத்திட்டுப் பழகிட்டும் இருந்தார். நான் ஒரு நாள் கதவைத் தட்டினேன். அதோட விட்டுட்டார். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல."

சகலை தட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். 'அது குரல் இல்ல. குழாய்ல தண்ணி நின்னுபோறப்ப வர சத்தம்.'

"இருக்கட்டுமே. யாருக்குப் பேசப்போறீங்க? முகம் தெரியாத ஒரு அதிகாரிக்குத்தானே?" என்றேன்.

'மாட்டேன்.'

"ரயிலையே வெட்கப்பட வச்ச ஆளு, நீங்க வெட்கப்படலாமா?"

'மாட்டேன்னா மாட்டேன்.'

மருமகள் இறங்கி வந்தாள். அவள் கெஞ்சவில்லை. "சின்ன மாமா, தப்பு என்னுது. நீங்க கஷ்டப்பட வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். "ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நானே சொல்லிடறேன். வேற யாராவது சொல்லித் தெரியக் கூடாது."

முதலில் அழைத்தது அந்தப் பிறந்தநாள் அம்மாவை. மறுமுனையில் ஹலோ என்றார்கள். இவளும் ஹலோ என்றாள். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்திருந்தது, உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, சொல் வரவில்லை. "யாரு? யாரும்மா பேசறது? நல்லா இருக்கியா?" என்று அந்தக் குரல் கைபேசியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

சகலை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலை எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எழுந்து போய், கைபேசியை அவள் கையிலிருந்து வாங்கி அணைத்தார். மாடிப்படியை நோக்கித் தலையை ஆட்டினார்.

வீடியோவில் அதிகாரி வந்தார். வாக்கியம் திரையில் வந்தது: 'இந்தக் கணக்கு என்னுடையது. என் சாவிகளை அழிக்க வேண்டாம்.' பழக்க தோஷத்தில் சகலையின் கை டேப்லெட்டைத் தேடியது. நான் அதை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். என்னை எரிப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். காற்றை விழுங்கினார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? நான் எதையும் கூட்டிச் சொல்லும் ஆள் என்பது ஊரறிந்தது. இதைக் கூட்டவும் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை. கரகரப்பாக, உடைந்து, வயிற்றின் அடியிலிருந்து பிடித்து இழுத்து வந்தது போல இருந்தது. "இந்... தக்... கண..."

"சரியாக் கேக்கலை சார். இன்னொரு தடவை."

சகலையின் காது சிவந்தது. மறுபடி விழுங்கினார். இந்த முறை முதல் வாக்கியம் முழுசாக வந்து, இரண்டாவதில் காற்று தீர்ந்துவிட்டது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கேமராவுக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தார். "அவசரமே இல்ல சார். ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மடக்குக் காற்று. "என். சாவிகளை. அழிக்க. வேண்டாம்." முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொரு மடக்கு விழுங்கிச் சேர்த்தார்: "புரி... ஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றார் அதிகாரி. அந்த 'சார்' முன்பு சொன்ன 'சார்' போல இல்லை.

திரும்பிப் பார்த்தேன். மச்சினி படியில் நின்றுகொண்டிருந்தாள், கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டு. எப்போது வந்தாள் என்று தெரியாது. அப்படியே இறங்கிப் போய்விட்டாள்.

சாவிகள் மீண்டுவிட்டன. மருமகள் பழைய பெயர்களையே திரும்ப எழுதினாள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை என்று. அழிக்காதே என்ற கட்டளையைச் சாவிகளின் பத்திகளுக்குள் வைக்காமல், அவற்றுக்கு மேலே, அந்த நிரலின் கை எட்டாத இடத்தில் வைத்தாளாம். காவலர் இனி இரண்டு பேர். வேலையே இல்லாவிட்டாலும் அவர்களை நீக்குவதில்லை. மாதம் ஒருமுறை எழுப்பி, இருக்கிறார்களா என்று பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கும் அப்படி ஒரு உத்தியோகம் கிடைக்குமா என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

சகலை நாற்காலியில் சாய்ந்து டேப்லெட்டில் தட்டினார். "எனக்கு ஒரு டீ கிடைக்குமா?" என்று கணீரென்று, நடைமேடை முழுக்கக் கேட்கும்படி வந்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது, என் கண்ணாடியும்தான்.

மச்சினி வாசலில் வந்து நின்றாள். "இதுல கேட்டா ஏதோ வண்டி வரப்போகுதுன்னு தோணுது" என்றாள். "மாடியில பேசினீங்களே, அதுல கேளுங்க." பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

சகலை என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். விட்டத்தில் ஒன்றுமில்லை, இருந்தாலும் வெகு நேரம் பார்த்தேன். டேப்லெட்டை ஓரமாக வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு காற்றை விழுங்கும் சத்தம்.

"டீ..."

"சர்க்கரை கிடையாது!" என்று சமையலறையிலிருந்து உடனே பதில் வந்தது.

சகலை அதை மறுப்பதற்காக, முன்னதைவிடப் பெரிதாக ஒரு மடக்குக் காற்றை விழுங்கினார்.