ஏழாவது கிணறு

"முகாம் உன் கைக்கு வந்து ரெண்டு நாளாச்சு, இன்னும் அந்த மூடியை…"

"மாமா, மெதுவா! சிப்பாய்ங்க பார்க்கறாங்க…"

"பார்க்கட்டுமே! கர்னலோட மாமன் கத்தறான்னு பார்க்கட்டும்!"

தோரியாலையின் குரல் பயிற்சித் திடல்வரை கேட்டது. எதிரே நின்ற கர்னல் ஜான்தாத் அவருடைய அக்கா மகன். காபூலிலிருந்து பெரியவர்கள் வந்து, அந்நியப் படையின் கொடி இறங்கி நம் கொடி ஏறி, கைகுலுக்கிப் படமெடுத்து, பயிற்சி முகாம் முந்தாநாள்தான் நம் படையின் கைக்கு வந்திருந்தது.

மலையடியிலிருந்து மண்ணுக்குள்ளேயே ஓடிவந்து திராட்சைத் தோட்டங்களை நனைக்கும் காரேஸ் என்னும் சுரங்கக் கால்வாய், முகாமுக்கு அடியில்தான் போகிறது. இறங்கித் தூர்வார வழிநெடுக பன்னிரண்டு கிணறுகள். முகாமுக்குள் அகப்பட்ட ஏழாவதை, எவனும் அதன் வழியே ஏறி வந்துவிடக் கூடாதென்று அந்நியர்கள் கான்கிரீட் பலகை போட்டு மூடி ஆறு வருஷம். தூர் சேர்ந்து தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது. ஊருக்குத் தண்ணீர் பங்கிடுபவர் தோரியாலை. பங்கிடத்தான் ஒன்றுமில்லை.

"நம்ம கைக்கு வரட்டும், முதல் நாளே உடைக்கிறேன்னு உங்கம்மா முன்னால சொன்னியே."

"அப்ப என் தலைமேல முந்நூறு பேரோட உசுரு இல்ல மாமா."

"அந்நியனுக்குப் பயம், மூடினான். உனக்கென்னடா? உன் இடுப்புல கயிறு கட்டி இறக்கினவனே நான்தான். உள்ள ஒவ்வொரு வளைவும் உனக்குத் தெரியுமே!"

"தெரியறதாலதான் பயம். நாலாவதுல இறங்கினா, என் பசங்க தூங்கற கொட்டகைக்கு நேர் கீழ வந்து வெடி வைக்கலாம். அந்நியனுக்கு இது தெரியாது. மலைமேல துப்பாக்கியோட இருக்கறவனுக்குத் தெரியும். அவனும் நம்ம ஊர்க்காரன்தானே."

அப்போதுதான் தோரியாலை வாசலில் நின்ற லாரியைக் கவனித்தார். சிமெண்ட் மூட்டைகள். பலகையை உடைக்கப் போகிறவனுக்குச் சிமெண்ட் எதற்கு?

ஜான்தாத்தின் கையில் ஒரு காகிதம் இருந்தது. பென்சிலால் போட்ட பன்னிரண்டு வட்டங்கள். முசுக்கட்டை மரத்தடியில் புதர் மூடிக் கிடக்கும் இரண்டாவது கிணறுகூட இடம் பிசகாமல் இருந்தது. அது இந்த இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"பன்னெண்டையுமா மூடப்போற?"

"ஊருக்கு ஆழ்துளைக் கிணறு கேட்டு எழுதியிருக்கேன் மாமா."

"அந்நியனும் அதையேதான் சொன்னான். மொழிபெயர்க்க ஆள் வெச்சிருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்."

தோரியாலை தன் உள்ளங்கையைப் பார்த்தார். அந்த இரண்டாவது கிணற்றில்தான் ஒருநாள் மண் சரிந்தது. அடியில் இருந்த பத்து வயது ஜான்தாத்தை மேலே இழுத்தபோது கயிறு அறுத்த தழும்பு, இன்னும் குறுக்கே ஓடியது. கையை விரித்து மருமகன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அன்னிக்கு அந்தக் கயித்தை நான் ஏண்டா விடாம புடிச்சேன்?"