ஒன்பது பேரின் பொதி

சவப்பெட்டிக்குள் தகரம் வைக்கக்கூடாது என்று மலர்ச்சாலைக்காரர் சொல்லிவிட்டார். மகளிடம்தான் தாழ்ந்த குரலில் சொன்னார். யோகராணிக்கும் கேட்டது. கையில் இருந்த பிஸ்கற் தகரத்தை அவள் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, எரிக்கிற இடத்திலை தகரம், கண்ணாடி ஒண்டும் விடமாட்டினமாம்" என்றாள் ரதிதேவி. "கடதாசி எண்டால் பிரச்சினை இல்லையாம். உள்ளுக்கிருக்கிறதை எடுத்து வையுங்கோவன்."

"ம்."

"நான் எடுத்துத் தரட்டோ?"

"வேண்டாம். நீ போய் ஆக்களைப் பார்."

ஹோலின் நடுவில் தியாகலிங்கம் பட்டு வேட்டியும் சால்வையுமாகக் கிடந்தார். புதன்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்தபடி குளியலறைத் தரையில் அமர்ந்தார்; அம்புலன்ஸ் வரும்வரை இருக்கவில்லை. பாதி சவரம் செய்த முகத்தை மருமகன் மகேசன்தான் பிறகு சரியாக்கினான். ஒக்லாந்தில் ஐயர் இல்லை. மாநகரசபையில் பாலங்கள் வரைகிற சோதிலிங்கம் சாவீடுகளுக்குத் தேவாரக் கொப்பியோடு வந்து கிரியையை நடத்திக் கொடுப்பார். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை மூடவேண்டும். இப்போது பதினொன்று பத்து.

தகரத்தை அவரோடு எரித்துவிடுவது என்று யோகராணி வியாழக்கிழமையே முடிவு செய்திருந்தாள். அன்றுதான் பொதி வந்தது.

அந்தப் பொதியைக் கலியாணம் செய்த வருடத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். அவர் இளமையில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மெய்யியல் படித்தவர். அங்கே கார்விக் என்று ஒரு பேராசிரியர். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் அவருடைய அறையில் ஒன்பது மாணவர்கள் கூடிக் கதைப்பார்களாம். பேராசிரியர் இறந்த பிறகு ஒன்பது பேரும் ஒன்பது ஊர்களுக்குப் போனார்கள். கதையை விட மனமில்லாமல் ஒரு பொதியைச் சுற்றுக்கு விட்டார்கள். ஒருவருக்கு அது வந்தால், உள்ளே இருக்கும் கடிதங்களை வாசித்துவிட்டுத் தன்னுடையதையும் வைத்து அடுத்தவருக்கு அனுப்பவேண்டும். பேராதனைக்கு வந்தது. வெள்ளவத்தைக்கு வந்தது. இந்த மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக்கும் வந்தது. வந்தால் மூன்று நாளைக்கு அவர் வீட்டில் இருக்கமாட்டார். கதிரையில் இருப்பார், சாப்பிடுவார், கேட்டதற்கு ஓம் என்பார். ஆனால் வீட்டில் இருக்கமாட்டார். எழுதி முடித்து, பழைய தாள்கள் சிலவற்றைத் தகரத்துக்குள் வைத்து நாடாவைக் கட்டிய பிறகுதான் திரும்பி வருவார்.

ஒவ்வொரு சாவோடும் பொதி மெலிந்தது. கடைசி நாலு வருடமாக இரண்டே பேர். இவர், மற்றது ஈடித் வார்ட். கலியாணம் செய்யாத ஒருத்தி. எறும்பு ஊர்ந்ததுபோலச் சாய்ந்த எழுத்து. எட்டுப் பேரில் ஒருத்தியாக இருந்தவரைக்கும் யோகராணி அவளை ஒருவாறு பொறுத்துக்கொண்டாள். தனி ஆளாக வரத் தொடங்கியபோது முடியவில்லை.

எண்பத்துமூன்று ஜூலையில் வெள்ளவத்தைச் சந்தியில் கடை எரிவது தெரிந்ததும் இருவரும் பின்மதிலால் ஏறிப் பக்கத்து வீட்டுக்குள் குதித்தார்கள். குதித்தவர் திரும்பி ஏறி உள்ளே ஓடினார். கலியாண அல்பத்தை எடுக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அது அலுமாரியின் மேல்தட்டில், தகரத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் தகரத்தோடு வந்தார். அவளுடைய கலியாணத்துக்கு இன்று ஒரு படமும் இல்லை. ஏன் என்று அவள் கேட்டதில்லை. தகரத்தைத் திறந்து பார்த்ததும் இல்லை. திறந்தால் அந்த எறும்பு எழுத்துக்குத் தான் தோற்றதாகிவிடும் என்று இருந்தாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினாள்.

எறும்பு எழுத்து ஒன்றுகூட இல்லை. ஒரு கடிதக் கட்டை எடுத்துப் பார்த்தாள். அடுத்த கட்டையும் பார்த்தாள். எல்லாம் நிமிர்ந்த, இடைவெளி விட்ட எழுத்து. தியாகலிங்கத்தின் எழுத்து. அனுப்பிய கடிதங்கள் எப்படி அனுப்பியவரிடமே இருக்கும்?

தையல் மெஷின் லாச்சிக்குள் ஒளித்துவைத்த பொதியை எடுத்தாள். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது. அதற்குள் இரண்டு கடிதங்கள். ஒன்று அவர் ஆவணியில் எழுதி அனுப்பியது, சுற்றி வந்திருக்கிறது. மற்றது ஈடித் வார்ட் புதிதாக எழுதியது. யோகராணி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள்தான். ஆனாலும் அந்தச் சாய்ந்த எழுத்தை இரண்டு தரம் வாசிக்கவேண்டியிருந்தது.

"நம் விதிப்படி, பொதி திரும்பி வரும்போது அவரவர் பழைய கடிதத்தை அவரவரே எடுத்துக்கொண்டோம். ஆகவே என்னுடையவை என்னிடமும் உங்களுடையவை உங்கள் தகரத்திலும் கிடக்கின்றன. மற்றவர்களுடையவை பெரும்பாலும் குப்பைக்குப் போய்விட்டன. பல்கலைக்கழக நூலகம் இப்போது கேட்கிறது. உங்கள் பக்கம் இல்லாவிட்டால் என் கடிதங்கள் வெறும் பதில்கள். தகரத்தை எனக்கு அனுப்பிவையுங்கள்."

கீழே இன்னொரு வரி.

"'எனக்குத் தெரிந்த ஒருத்தி' நலமா? முப்பது வருடமாக அவரைப் பற்றி வாசிக்கிறேன். பெயரை மட்டும் நீங்கள் எழுதவேயில்லை."

யோகராணி தகரத்தைக் கட்டிலில் கவிழ்த்தாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டுக் கடிதம். "எனக்குத் தெரிந்த ஒருத்தி அடுத்த அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு தைக்கிறாள். பால் பொங்குவதற்குச் சரியாக ஒரு கணம் முன்பு எழுந்து போகிறாள். சத்தம் இல்லை, மணம் இல்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். 'தெரியும்' என்றாள். இதை அறிவு என்று சொல்லலாமா?"

அவர் அப்படிக் கேட்டது நினைவிருந்தது. பேராதனை வீட்டுக் குசினி வாசலில் நின்று கேட்டார். அவள் சொன்ன பதிலைக் கேட்காமலே போய்விட்டார் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

அதற்கு அடுத்த கடிதங்களிலும் பால் பொங்கியது. கனடாவில் இருந்த ஒருவர் அது வெறும் பழக்கம் என்றிருக்கிறார். இவர் மூன்று பக்கத்துக்கு மறுத்திருக்கிறார். "ஈடித் மூன்று தரம் முயன்று மூன்று தரமும் பாத்திரத்தைக் கருக்கியதை அறிந்து வருந்துகிறேன்" என்று ஒரு வரி. அறுபத்தெட்டில்: "ஒருத்தி நித்திரை போலக் கிடக்கிறாள். கோபம் என்று எனக்குத் தெரிகிறது. மூச்சில் வித்தியாசம் இல்லை. பிறகு எதிலிருந்து தெரிகிறது?" இங்கிலாந்திலும் கனடாவிலும் எட்டுப் பேர் இருந்து அவளுடைய கோபத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. முன்வீட்டு வேதவள்ளி தேநீரோடு எட்டிப் பார்த்தாள். மலேசியாக்காரி.

"ஒரு வாய் குடிங்கக்கா. காலையிலேருந்து பச்சத்தண்ணி படல." கட்டிலைப் பார்த்தாள். "இவ்வளவும் அங்கிள் எழுதினதா? எங்க வீட்டுக்காரருக்குச் சாமான் லிஸ்ட்டே எழுத வராது."

"உங்களோடை கதைக்கிறவரெல்லோ."

"எங்க, வாய மூடினாத்தானே" என்றாள் வேதவள்ளி. பிறகு சாவீடு என்பது நினைவுக்கு வந்து கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.

எண்பத்துமூன்று புரட்டாதிக் கடிதம் அடியில் கிடந்தது. அகதி முகாமில் கொப்பித்தாளில் எழுதியது.

"அல்பமும் தகரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. என் கை தகரத்தை எடுத்தது. நான் தெரிவு செய்தேன் என்று சொல்லமுடியாது. செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. ஒருத்தி இதுவரை என்னைக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்காமல் இருக்கிறாள். கேட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்."

அந்தத் தாளை அவள் மடியில் வைத்து நீவினாள். இதைப் பெறவேண்டியவள் பக்கத்துப் பாயில் கிடக்க, இது ஏழு கடல் தாண்டிப் போயிருக்கிறது. அந்த ஈடித் தன் தேநீர் மேசையில் இருந்து இதை வாசித்திருப்பாள். அவருக்கு ஆறுதலும் எழுதியிருப்பாள்.

"அம்மா, நேரமாச்சுது" என்று ரதிதேவி வெளியிலிருந்து கூப்பிட்டாள்.

வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் எல்லோரும் விலகி நின்றார்கள். யோகராணியின் கையில் ஒரு தாள் மட்டும் இருந்தது.

"இவ்வளவுதானோ? மற்றதெல்லாம்?" என்றாள் மகள்.

"இது அவருக்கு வந்தது. அவர் வாசிக்கேல்லை."

"நெஞ்சிலை வையுங்கோ அக்கா" என்றார் சோதிலிங்கம்.

அவள் நெஞ்சைத் தாண்டிக் கால்மாட்டுக்குப் போனாள். ஈடித் வார்ட்டின் கடிதத்தை நாலாக மடித்து, குதிக்காலுக்குக் கீழே, வேட்டி மடிப்புக்குள் செருகினாள். சோதிலிங்கம் கொப்பியைப் புரட்டினார்.

"நீங்களும் வாறியளோ அம்மா? இஞ்சை பொம்பிளையளும் போறவை" என்றாள் ரதிதேவி.

"நீ போட்டு வா. நான் வீட்டிலை இருக்கிறன்."

கார்கள் போனபிறகு வேதவள்ளி ஹோலைக் கழுவித் துடைத்தாள். வருகிறவர்களுக்குத் தேநீர் வேண்டும் என்று பெரிய பாத்திரம் நிறையப் பாலை அடுப்பில் வைத்தாள்.

"வீட்ல இட்டிலி வெச்சிட்டு வந்தேன், எடுத்துட்டு ஓடியாறேன். பாலக் கொஞ்சம் பாத்துக்குங்கக்கா."

"ஓம். நான் பார்க்கிறன்."

யோகராணி கடிதங்களைத் திரும்பத் தகரத்துக்குள் அடுக்கி எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். குசினிக்கு முதுகு காட்டுகிற கதிரை அவருடையது, அதில் அமர்ந்தாள். பொதியில் வந்த அவருடைய ஆவணிக் கடிதத்தை விதிப்படி எடுத்துத் தகரத்துக்குள் வைத்தாள். விலாசம் எழுதிய உறையை அருகில் வைத்துக்கொண்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தாள்.

அன்புள்ள மிஸ் வார்ட், என்று ஆங்கிலத்தில் எழுதினாள். என் கணவர் தியாகலிங்கம் புதன்கிழமை இறந்துவிட்டார். உங்கள் கடிதத்தை அவரோடு அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்ட தகரம் என்னிடம் இருக்கிறது. அதை நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. எப்போது முடியும் என்று சொல்லமுடியாது.

கொஞ்சம் யோசித்து, என் பெயர் யோகராணி, என்று எழுதினாள்.

பேனையை வைத்துவிட்டுத் தகரத்திலிருந்து அடுத்த கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். ஐம்பத்தெட்டாம் ஆண்டு, மாசி மாதம். முதல் பக்கத்தில் அவள் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. விரலை வரிக்கு வரி வைத்துத் தேடிக்கொண்டு போனாள்.

மூக்கில் மணம் ஏறியபோது மூன்றாம் பக்கத்தில் இருந்தாள். குசினிக்குள் போய்ப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்து, அடுப்புச் சுருளில் கருகி, தரையில் ஒவ்வொரு துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.